வேரில் கட்டும் மருந்து இளநீருக்குப் போகுமா? தென்னைக்குள் நீரும் சர்க்கரையும் போகும் வழிகள்

கேள்வி (தென்னை வைத்திருக்கும் ஒரு வாசகர், பிப்ரவரி 11)
எங்கள் தோப்பில் தென்னையின் ஒரு வேரை வெட்டி, வெட்டிய முனையில் சத்து டானிக் பையைக் கட்டுகிறோம். இன்று கட்டினால் நாளைக்குப் பை காலி. வேர்தான் பம்பு மாதிரி தள்ளி மேலே ஏற்றுகிறது என்கிறார்கள் ஊரில். அப்படியானால் அதே தண்ணீர்தானே காய்க்குள்ளும் போகும்? தண்டைக் குடையும் கூன்வண்டுக்குப் பூச்சிமருந்து கட்டினால் அது இளநீரில் இறங்காதா? பிள்ளைகள் குடிக்கிற இளநீர். தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 11, இரவு
வெயில் நேரத்தில் வேர் தள்ளுவதில்லை, இலைதான் இழுக்கிறது. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

வெயில் ஏறியதும் ஓலையின் அடிப்பக்கத்து இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகப் போகிறது. போன நீருக்கு ஈடாகப் பக்கத்துச் செல்லிலிருந்து நீர் நகர்கிறது. அந்த இழுவை ஈர்க்கு, மட்டை, தண்டு, வேர் என்று மண் வரை வந்து சேர்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்வதால் நடுவில் தொடர் எளிதில் அறுவதில்லை. டப்ளினில் இருந்த டிக்ஸன், ஜோலி இருவரும் 1894-இல் இந்த விளக்கத்தை வைத்தார்கள். இன்றுவரை அதுதான் நிற்கிறது.

இப்படி ஏறும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் ஆவியாகவே போய்விடும். மரம் தன் உடம்பில் வைத்துக்கொள்வது மிகக் கொஞ்சம். உங்கள் பை காலியாவதும் இந்த இழுவையால்தான். மூட்டமான நாளில் கட்டிப் பாருங்கள், மறுநாளும் பையில் பாதி கிடக்கும். எங்கள் தோப்பில் மழைக்காலத்தில் கட்டியபோதெல்லாம் அப்படித்தான் ஆகியிருக்கிறது.

இளநீர் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் மரத்தில் உள்ள இன்னொரு வழியைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பதில் பாதியில் நிற்கும்.

பிப்ரவரி 12, காலை
"கிணற்று மேட்டில் இருக்கும் எங்கள் மோட்டாரே இருபத்தைந்து அடிக்குக் கீழே போனால் இழுப்பதில்லை, ஓலை எப்படி எழுபது அடி இழுக்கும்?" என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

மேட்டில் இருக்கும் மோட்டார் உண்மையில் நீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே உள்ள காற்று கிணற்று நீரை அழுத்திக் குழாய்க்குள் தள்ளுகிறது. காற்றால் தள்ள முடிந்த உயரம் அதிகபட்சம் 10.3 மீட்டர், அதாவது 34 அடி. உராய்வு, கசிவு எல்லாம் போக நடைமுறையில் இருபத்தைந்து அடி. அதற்குக் கீழே போனால் குழாயில் நீர் அறுந்து மோட்டார் வெறுமனே ஓடும். அதனால்தான் நீர்மூழ்கி மோட்டாரைக் கீழே இறக்குகிறோம்.

மரத்தில் காற்றழுத்தத்துக்கு வேலை இல்லை. சைலம் என்ற, வேரிலிருந்து நீர் ஏறும் குழாய்கள் உருவாகும்போதே நீர் நிறைந்து உருவாகின்றன, உள்ளே காற்று இருந்ததே இல்லை. மேலே இலைச் செல்லின் சுவரில் உள்ள துளைகளோ மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த நுண்துளையில் நீரின் பரப்பு இழுவிசை பிடிக்கிற பிடியைக் காற்றால் உடைத்து உள்ளே நுழைய முடியாது. ஆகவே நீர் இழுபட்ட நிலையிலேயே நிற்கும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் புவியீர்ப்பை வெல்ல 0.1 மெகாபாஸ்கல், அதாவது ஏறக்குறைய ஒரு காற்றழுத்த அளவு, வேண்டும். ஓடும் நீரின் உராய்வுக்கு ஏறக்குறைய இன்னொரு 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் தென்னைக்கு 0.4 போதும். வெயிலில் நிற்கும் இலைகளில் 1 மெகாபாஸ்கலுக்கு மேலும் இழுவிசை சாதாரணமாக இருக்கும், ஆகவே தென்னைக்கு இது பெரிய உயரமே இல்லை. கலிபோர்னியாவில் ஹைபீரியன் என்று பெயர் வைத்த ரெட்வுட் மரம் 115 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. அதன் கூட்டத்து மரங்களை ஆராய்ந்தவர்கள் 2004-இல் மரத்தின் உச்ச உயரம் 122 முதல் 130 மீட்டருக்குள் முடிந்துவிடும் என்று மதிப்பிட்டார்கள். அதற்கு மேல் இழுவிசை ஏறினால் உச்சி இலை விரியவே முடியாது.

பள்ளியில் படித்த நுண்குழாய் ஏற்றத்தைப் பலர் சொல்கிறீர்கள். அதனால் மட்டும் ஆகாது. 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் நீர் தானாக ஏறுவது 15 சென்டிமீட்டர்தான்.

பிப்ரவரி 12, மாலை
"அப்படியென்றால் வேர் தள்ளுவதே இல்லையா?"

தள்ளும், இரவில். வாழைத்தார் வெட்டிய பிறகு அடிக்கட்டையைக் குடைந்து மூடி வைத்தால் விடியும்போது குழியில் நீர் நிறைந்து நிற்கும். கல்லடைப்புக்கு என்று அதைக் குடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே இழுக்க ஒரு இலையும் இல்லை. வேர் உப்புகளை உள்ளே சேர்க்கிறது, நீர் சவ்வூடுபரவலால் பின்னால் வருகிறது, அழுத்தம் ஏறுகிறது. சேம்பு இலை நுனியிலும் நெல் நாற்றின் நுனியிலும் அதிகாலையில் நிற்கும் துளியில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். பனி என்றால் இலை முழுக்க நனைந்திருக்கும், நுனியில் மட்டும் முத்தாக நிற்காது.

பொதுவாக இந்த அழுத்தம் 0.1, 0.2 மெகாபாஸ்கல் அளவு. வெயில் ஏறியதும் இலையின் இழுவையில் இது காணாமல் போய்விடும். ஆனால் பனைக்குடும்பத்தில் வேர் அழுத்தம் மிக அதிகம் என்று டேவிஸ் 1961-இலேயே எழுதியிருக்கிறார். அவர் தென்னையிலேயே வேலை செய்தவர். பகலில் குழாய்களில் விழுந்த காற்றுக்குமிழிகளை இரவில் கரைத்து மீண்டும் நீர் நிரப்ப இந்த அழுத்தம் தென்னைக்கு உதவுகிறது என்பது என் எண்ணம். மற்ற மரங்களைவிட தென்னைக்கு ஏன் அது அவசியம் என்பதைத் தண்டைப் பற்றி எழுதும்போது சொல்கிறேன்.

பிப்ரவரி 13
ஜகதீஷ் சந்திர போஸ் மரத்துக்கும் துடிப்பு உண்டு என்றாரே, அதை ஏன் மறைக்கிறீர்கள் என்று ஒரு நண்பர் கோபப்பட்டிருக்கிறார். மறைக்கவில்லை ஐயா. 1920-களில் போஸ் அப்படித்தான் வாதிட்டார், தண்டில் உள்ள உயிருள்ள செல்கள் சுருங்கி விரிந்து சாற்றை மேலே ஏற்றுகின்றன என்று. அவர் செய்த கருவிகளின் நுட்பம் இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் அதற்கு முப்பது வருடம் முன்பே ஜெர்மனியில் ஸ்ட்ராஸ்பர்கர் ஒரு சோதனை செய்திருந்தார். உயரமான மரத்தை அடியில் அறுத்து, அறுத்த முனையைப் பிக்ரிக் அமிலத்தில் நிறுத்தினார். அமிலம் ஏறிய வழியெல்லாம் செல்கள் செத்தன. அப்புறம் சாயநீரில் வைத்தார், சாயமும் ஏறியது. இலைகள் சாகும்வரை ஏற்றம் நிற்கவில்லை. வழியில் உயிர் இல்லாமலே நீர் ஏறும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

சைலக் குழாய் என்பதே செத்த செல்களின் வரிசைதான். உள்ளே இருந்த உயிர்ப்பொருள் எல்லாம் கரைந்து போய், கெட்டியான சுவர் மட்டும் நின்ற பிறகுதான் அது வேலைக்கு வருகிறது.

இதை 1727-இலேயே இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் அளக்க ஆரம்பித்துவிட்டார். இலை எவ்வளவு நீரை விடுகிறது, வெட்டிய திராட்சைக்கொடி எவ்வளவு அழுத்தத்தில் சாறு விடுகிறது என்று இரண்டையும் தனித்தனியாக அளந்தார். இழுப்பது வேறு, தள்ளுவது வேறு என்று அன்றே பிரித்துப் பார்த்த மனிதர். எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

பிப்ரவரி 14
வீட்டில் பார்க்க வேண்டுமென்று கேட்டவருக்கு: வெள்ளைப் பூப் பூத்த காசித்தும்பைச் செடி. வேரைக் கழுவிச் சிவப்பு மை கலந்த நீரில் வையுங்கள். அதன் தண்டு கண்ணாடி மாதிரி இருப்பதால் சிவப்புக் கோடு ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். ஒன்றை வெயிலிலும் இன்னொன்றைப் பாலித்தீன் உறையால் மூடி நிழலிலும் வையுங்கள். பிள்ளைகளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்காது.

பிப்ரவரி 15
இப்போது இரண்டாவது வழி.

பதநீர் குடித்தவர்கள் எல்லோரும் அதைக் குடித்திருக்கிறோம். பனம்பாளையை நுனியில் சீவினால் சொட்டுவது வேரிலிருந்து ஏறும் நீர் அல்ல. அது புளோயச் சாறு. இலையில் செய்த சர்க்கரையும் தண்டில் மாவாகச் சேமித்த சர்க்கரையும் கரைந்து வளரும் இடத்துக்குப் போகிற சாறு. பதநீரில் சர்க்கரை நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு அளவுக்கு இருக்கும், பெரும்பாலும் சுக்ரோஸ். வேரிலிருந்து ஏறும் சைல நீரில் பொதுவாக இனிப்பே தெரியாது, கரைந்த உப்புகள் மட்டும் கொஞ்சம் இருக்கும்.

விசையும் நேர் எதிர். சைலத்தில் நீர் இழுபட்டு நிற்கிறது. நடுப்பகலில் அதை வெட்டினால் சாறு வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். புளோயத்தில் சாறு அழுத்தத்தில் நிற்கிறது, சீவினால் வெளியே வந்துவிடும். இந்த அழுத்தம் எப்படி வருகிறது என்பதை 1930-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் முன்ஷ் விளக்கினார். இலையில் சர்க்கரை, புளோயத்தின் சல்லடைக் குழாய்க்குள் ஏற்றப்படுகிறது. சர்க்கரை செறிந்த இடத்துக்குப் பக்கத்துச் சைலத்திலிருந்து நீர் நுழைகிறது, அழுத்தம் ஏறுகிறது. காய், குருத்து, வேர் என்று சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் இடத்தில் அழுத்தம் இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவே சாறு நகர்கிறது, மணிக்குச் சுமார் ஒரு மீட்டர் வேகத்தில். மேலே கீழே என்ற பேதம் இதற்கு இல்லை. எங்கே தேவையோ அந்தப் பக்கம் போகும்.

சல்லடைக் குழாய் உயிருள்ளது. உட்கரு கிடையாது, ஒட்டி நிற்கும் துணைச்செல்தான் அதைப் பராமரிக்கிறது. வெட்டுப்பட்டால் சும்மா இருக்காது. சல்லடைத் துளைகளைப் புரதத்தாலும் காலோஸ் என்ற பொருளாலும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பனையேறிகள் தினமும் ஏறிப் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவுவது இந்த அடைப்பை எடுக்கத்தான். இடுக்கியால் பாளையை நசுக்கிப் பதப்படுத்துவதும், நாள் தவறாமல் சீவுவதும், புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதும் எவ்வளவு துல்லியமான வேலை! ஆய்வுக்கூடங்களில் புளோயச் சாற்றைச் சுத்தமாக எடுக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1953-இல் கென்னடி, மிட்லர் இருவரும் அசுவினிப் பூச்சியின் உறிஞ்சு ஊசியைப் பாதியில் வெட்டி, செடியில் குத்தி நின்ற மிச்சத்தின் வழியாகச் சாறு சொட்டுவதைக் காட்டினார்கள். நம் பனையேறிகள் ஒரு மரத்திலிருந்து லிட்டர் கணக்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைகளுக்கு உரிய கூலியும் மதிப்பும் இன்றுவரை கிடைக்கவில்லை என்பது என் ஆறாத வருத்தம்.

பிப்ரவரி 15, கொஞ்சம் கழித்து
கோடையில் காய்ந்து கிடக்கும் தேரிக்காட்டில் பனைக்குப் பதநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவருக்கு: சர்க்கரை பெரும்பகுதி தண்டின் மாவுச்சத்திலிருந்தும் இலையிலிருந்தும். நீர் ஆழ வேரிலிருந்து சைலம் வழியாக வந்து, சர்க்கரையின் இழுப்பில் புளோயத்துக்குள் மாறிக்கொள்கிறது. இரண்டு வழிகளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, நடுவில் கொடுக்கல் வாங்கலும் உண்டு. இந்தக் கொடுக்கல் வாங்கலை நினைவில் வையுங்கள், இளநீர் பதிலில் இது வேண்டும்.

பிப்ரவரி 16
கொய்யாவில் விண்பதியம் போடும் ஒருவர் தன் அனுபவத்தை எழுதியிருக்கிறார். பட்டையை வளையமாக உரித்த பிறகும் கிளை வாடுவதில்லை, வளையத்துக்கு மேல் உதட்டில்தான் வேர் விடுகிறது, ஏன் என்று.

பட்டையோடு போனது புளோயம், கட்டையில் நின்றது சைலம். அதனால் இலைக்கு நீர் தடையில்லாமல் ஏறுகிறது. இறங்கி வந்த சர்க்கரையும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனும் வளையத்தில் முட்டித் தேங்குகின்றன, அங்கே ஈரப்பாசியை வைத்துக் கட்டினால் வேர் பிடிக்கிறது. இத்தாலியின் மால்பிகி 17-ஆம் நூற்றாண்டிலேயே பட்டையை உரித்து, வெட்டுக்கு மேலே வீங்குவதைக் கவனித்து எழுதினார்.

பெரிய மரத்தின் அடியில் முழுச்சுற்றும் உரித்தால் இலை உடனே வாடாது. வேர்தான் சர்க்கரை இல்லாமல் மெல்ல மெல்லப் பட்டினி கிடந்து சாகும். சாலையோரப் புளியமரங்களை இப்படிக் கொல்கிறார்கள். பச்சையாகத்தானே நிற்கிறது என்று நாமும் தாண்டிப் போகிறோம். உரித்த தடம் கண்ணில் பட்டால் பச்சை இருக்கும்போதே புகார் கொடுங்கள்.

தென்னையில் இந்த வளையம் போட முடியாது. அடுத்து அதைத்தான் எழுதப் போகிறேன்.

பிப்ரவரி 17
தென்னந்தண்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்திருப்பீர்கள். கருப்புப் புள்ளிகளாகத் தெரிகிறதே, அது ஒவ்வொன்றும் ஒரு சாற்றுக்குழாய்க் கற்றை. ஒவ்வொன்றுக்குள்ளும் சைலமும் புளோயமும் சேர்ந்தே இருக்கின்றன. ஓரத்தில் நெருக்கமாக, நடுவில் அகலமாக, தண்டு முழுக்க ஆயிரக்கணக்கில். கொய்யா, வேம்பு மாதிரி பட்டை தனி, கட்டை தனி என்று பிரிவதில்லை. நடுவே புதுக் குழாய்களை உண்டாக்கும் கேம்பியம் என்ற அடுக்கும் இல்லை.

கேம்பியம் இல்லை என்றால் என்ன பொருள்? வேம்பு வருடா வருடம் புதுச் சைலமும் புதுப் புளோயமும் போட்டுக்கொள்ளும், பழசு அடைத்துப் போனாலும் கவலையில்லை. தென்னை அப்படிப் போடாது. தண்டின் ஒரு பகுதி உருவானபோது இருந்த குழாய்கள்தான் அந்தப் பகுதிக்குக் கடைசிவரை. இரவில் வேர் அழுத்தம் தென்னைக்கு அவசியம் என்று முன்பு சொன்னது இதனால்தான். உங்கள் தாத்தா வைத்த மரத்தில் அவர் காலத்துச் சல்லடைக் குழாய் இன்றும் உயிரோடு சர்க்கரை கொண்டுபோகிறது. உட்கரு இல்லாத செல் பல பத்தாண்டு உயிரோடு இருந்து வேலை செய்வது உயிரியலிலேயே அபூர்வம். நான் முதலில் படித்தபோது அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டாதீர்கள், ஆணி அடிக்காதீர்கள், கம்பி இறுக்காதீர்கள் என்று நான் போகிற தோப்பிலெல்லாம் கெஞ்சுவது இதற்காகத்தான். வேம்பில் வெட்டினால் மூடி வளரும், தென்னையில் அந்தக் காயம் மூடாது. அங்கே அறுந்த கற்றைகள் அறுந்தவைதான். போதாததற்குக் கூன்வண்டு முட்டையிட வழியும் கிடைக்கிறது.

பிப்ரவரி 18
தண்டில் துளை போட்டு மருந்து ஊற்றினால் வேரைவிட வேகமாக ஏறும் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி எங்கள் பக்கத்தில் சொல்லிக்கொண்டு போனார். சிலர் போட்டும் விட்டார்கள். ஏறும் என்பது உண்மைதான். ஆனால் போடும் துளை ஒவ்வொன்றும் மூடாத காயம், வருடா வருடம் போட்டால் கேட்கவே வேண்டாம். உள்ளே கூன்வண்டுப் புழு தின்றுகொண்டிருக்கிறது, மரம் எப்படியும் போகப் போகிறது என்றால் கடைசி வழியாகச் செய்வது வேறு. நல்லா நிற்கும் மரத்தில் டானிக் ஊற்றத் துளை போடுவதை என்னால் ஏற்க முடியாது.

வேர் விஷயத்தில் இந்தப் பயம் இல்லை. ஒரு வேர் போனால் தூரிலிருந்து புது வேர்கள் வந்துகொண்டே இருக்கும்.

பிப்ரவரி 19
வேரில் கட்டும் முறை பற்றி வந்த கேள்விகள்.

எந்த வேர்? பென்சில் கனம், இளஞ்செம்பழுப்பு நிறம். நுனி வெள்ளையாக இருக்கும் பிஞ்சு வேரும் வேண்டாம், கறுத்துக் கட்டையானதும் வேண்டாம். கூரான கத்தியால் சாய்வாக ஒரே வெட்டு. வெட்டியதும் தாமதிக்காமல் பைக்குள் விட்டு, வெட்டுமுனை பையின் அடியைத் தொடும்படி கட்டுங்கள். தாமதித்தால் இழுபட்டு நிற்கும் சைலம் காற்றை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் கரைசல் ஏறாது. வெயிலுள்ள நாளில், காலையில் கட்டுவது நல்லது. மரத்துக்கு முன்னதாகத் தண்ணீர் பாய்ந்திருக்க வேண்டும். காய்ந்த மரம் இலைத்துளைகளை மூடி வைத்திருக்கும்.

யூரியாவைக் கரைத்துக் கட்டலாமா? வேண்டாம். முழு வேர் மண்ணிலிருந்து எடுக்கும்போது எல்லாம் அகத்தோலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அங்கே செல்சுவர்களுக்கு நடுவே காஸ்பேரியன் பட்டை என்ற நீர்புகாத வளையம் இருக்கிறது. ஆகவே எந்த உப்பும் உயிருள்ள செல்லின் சவ்வு வழியாக, அது அனுமதித்த பிறகுதான் சைலத்துக்குப் போகும். வேரை வெட்டிப் பைக்குள் விடும்போது இந்தக் காவலை நாமே தாண்டிவிடுகிறோம். பையில் இருப்பது எதுவானாலும் அப்படியே மேலே போகும். செறிவான உரக்கரைசல் போனால் ஓலை கருகும். வேளாண் பல்கலைக்கழகம் சொன்ன கரைசலை, சொன்ன அளவில் மட்டும் கட்டுங்கள்.

அந்தக் காவல் எவ்வளவு வலுவானது என்று பார்க்க பிச்சாவரம் போதும். அலையாத்தி மரங்கள் உப்புநீரில் நின்றுகொண்டு உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திவிட்டு நீரை மட்டும் எடுக்கின்றன. அதற்கு எவ்வளவு இழுவிசை வேண்டும் என்று ஷோலாண்டர் 1965-இல் வெட்டிய கிளைகளை அழுத்தக் கலத்தில் வைத்து அளந்தார். அலையாத்திகளில் 3 முதல் 6 மெகாபாஸ்கல் வரை வந்தது.

பிப்ரவரி 20
இளநீர்.

சைலத்தில் ஏறுவது எங்கே அதிகம் ஆவியாகிறதோ அங்கே அதிகம் போகும், அதாவது ஓலைக்கு. காயிலிருந்து ஆவியாவது சொற்பம். ஆகவே காய்க்கு வரும் சத்தில் பெரும்பங்கு புளோயம் வழியாகத்தான் வருகிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியமும் கால்சியமும் குறைவு. புளோயச் சாற்றின் குணமும் ஏறக்குறைய அதுவே, அதனால் இது எனக்கு வியப்பாக இல்லை. பூச்சிமருந்து முதலில் ஓலைக்கும் குருத்துக்கும்தான் போகிறது.

ஆனால் "ஆகவே காய்க்கு வரவே வராது" என்று நான் எழுத மாட்டேன். எழுதுகிறவர்களை நம்பவும் வேண்டாம். காய்க்காம்பிலும் சைலம் இருக்கிறது. வழியெங்கும் சைலத்துக்கும் புளோயத்துக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு என்று முன்பே சொன்னேன். ஓலைக்குப் போன மருந்தில் ஒரு பங்கு சர்க்கரையோடு சேர்ந்து காய்க்கு வரலாம். மருந்தின் தன்மையைப் பொறுத்து அந்தப் பங்கு கூடும், குறையும். அதனால்தான் பூச்சிமருந்து கட்டுவதற்கு முன் முற்றிய காயையும் இளநீரையும் இறக்கிவிடு, கட்டிய பிறகு இத்தனை நாள் பறிக்காதே என்று பரிந்துரையில் போடுகிறார்கள். அந்த இடைவெளியை ஒரு நாள்கூடக் குறைக்காதீர்கள். பலரும் வேரில் கட்டிவந்த மோனோகுரோட்டோபாஸ் 2023-ஆம் ஆண்டு ஆணையில் தடைப்பட்டியலுக்குப் போய்விட்டது. பழைய பாட்டில் கொட்டகையில் கிடந்தால் அதை எடுத்துக் கட்ட வேண்டாம்.

சத்து டானிக்குக்கும் பூச்சிமருந்துக்கும் பை ஒன்று, வேர் ஒன்று, வழியும் ஒன்று. கட்டும் பொருளில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இளநீருக்கென்று ஒதுக்கிய மரங்களில் பூச்சிமருந்தை வேரில் கட்டுவதே இல்லை. கூன்வண்டுக்குக் காயம் படாமல் பார்ப்பதும், இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும், பட்டுப்போன மரத்தை உடனே அப்புறப்படுத்துவதும்தான்.

பிப்ரவரி 21
வெள்ளை ஈக்கு வேரில் கட்டலாமா என்று பொள்ளாச்சியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் 2016-இல் முதலில் கண்ணில் பட்டதே அந்தப் பக்கம்தான். அது ஓலையின் அடியில் உட்கார்ந்து குடிப்பது புளோயச் சாறு. அதில் சர்க்கரை அதிகம், புரதத்துக்கு வேண்டிய அமினோ அமிலம் குறைவு. தனக்கு வேண்டிய புரதத்துக்காக நிறையக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையை வெளியே விடுகிறது. கீழ் ஓலையில் பிசுபிசுப்பதும், அதன்மேல் கரும்பூசணம் படர்வதும் அதனால்தான்.

மருந்து வேண்டாம் என்பேன். வெள்ளை ஈயை ஒட்டி வாழும் என்கார்சியா குளவி மருந்தில் போய்விடும், ஈ திரும்ப வரும்போது அதைத் தடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். குளவி உள்ள ஓலைத் துண்டுகளைக் கட்டிவிடுங்கள், ஓலையின் அடியில் நீரைப் பீய்ச்சி அடியுங்கள்.

பிப்ரவரி 24
கஜா பற்றி ஒருவர் கேட்டதால் இது. 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் வந்த அந்தப் புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது. எங்களுடையதும். ஒரு பக்க வேர் அறுந்து, மறுபக்க வேரோடு சாய்ந்து கிடந்த மரங்கள் வாரக்கணக்கில் பச்சையாகவே இருந்தன. பிழைத்துவிட்டது என்று பலர் விட்டுவிட்டார்கள். அந்தப் பச்சை தண்டில் இருந்த நீர்ச் சேமிப்பால் வந்தது. நாங்கள் நிமிர்த்திய மரங்களில் முதலில் செய்தது ஓலையைப் பாதிக்குமேல் கழித்ததுதான். வேர் பாதியானால் இழுக்கிற இலையும் பாதியாக வேண்டும். அப்புறம் தூரில் மண் அணைத்தோம், புது வேர் வர. ஓலை கழிக்க மனசு வராமல் நிமிர்த்திய மரங்களில் பல கோடையில் கொண்டை சாய்ந்தன.

தஞ்சாவூர் வாடல் நோயும் இதே கணக்குதான். 1952 புயலுக்குப் பிறகு நம் மாவட்டத்தில் முதலில் கவனிக்கப்பட்ட கானோடெர்மா பூஞ்சை. தூரையும் வேரையும் அழுகவைக்கிறது. தண்டின் அடியில் செம்பழுப்புச் சாறு கசியும், அடிவரிசை ஓலைகள் முதலில் தொங்கும். ஓலை தொங்குவது கண்ணில் படும்போது கீழே வேரில் பெரும்பகுதி போயிருக்கும், சேமித்த நீரில் மரம் அதுவரை சமாளித்திருக்கும். ஆகவே ஓலையைப் பார்த்துக் காத்திருக்காமல் அடித்தண்டைப் பாருங்கள். கசிவு ஓரடி உயரத்தில் இருக்கும்போது வேரில் கட்டும் பூஞ்சைக்கொல்லி ஏற வழி இருக்கும். முற்றிய பிறகு கட்டினால் பை அப்படியே கிடக்கும்.

பிப்ரவரி 27
கடைசியாக வந்த படத்துக்கு. ஓலை மஞ்சளாகிறது, என்ன சத்து போட என்று.

எந்த ஓலை என்று முதலில் பாருங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் நான்கும் புளோயத்தில் நகரும். பற்றாக்குறை வந்தால் மரம் பழைய ஓலையிலிருந்து கழற்றிக் குருத்துக்கு அனுப்பும். ஆகவே அடி ஓலை மஞ்சளாகும். கால்சியமும், தென்னையில் போரானும் அப்படி நகர்வதில்லை. சைலத்தில் ஒருமுறை ஓலைக்குப் போனால் அங்கேயே தங்கிவிடும். பழைய ஓலையில் எவ்வளவு இருந்தாலும் குருத்துக்கு உதவாது, அதனால் கோளாறு குருத்தில்தான் தெரியும். ஓலை விரியாமல் ஒட்டிக்கொள்ளும், நுனி கொக்கி மாதிரி வளையும், ஒல்லிக்காய் வரும். போரானை ஒரே தடவையில் அள்ளிப் போடுவதைவிட வருடத்தில் பிரித்துப் போடச் சொல்வதும் இதனால்தான்.

உங்கள் படத்தில் அடி ஓலை மஞ்சள், ஆனால் கீழே ஒல்லிக்காயும் கிடக்கிறது. இரண்டும் சேர்ந்திருக்கலாம். குருத்தையும் அதற்கு அடுத்த இரண்டு ஓலைகளையும் பக்கத்திலிருந்து படம் எடுத்து அனுப்புங்கள், கூடவே அடித்தண்டில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். மண் பரிசோதனைச் சீட்டு இருந்தால் அதையும். அதற்கு முன் எதையும் வாங்கிவிடாதீர்கள்.